பெருமைக்குச் சொன்னது

மழை பிடித்தபின்னும் வால்டர் துரை கிளப் மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே, கூலிக்காரர்கள் நின்று ஆட்டம் பார்க்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரர் எவரும் நிற்காத இடம் அது. அவருக்குக் குடை பிடித்தவர் கிரிகரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் துரைக்குக் கீழே இயந்திரம் பொருத்தும் பிட்டர்.

துரை இங்கிலாந்தின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கத்து ஊரொன்றில் வளர்ந்தவர். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பிப் பந்தாட்டத்தில் அவ்வூர் அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடி, சனிக்கிழமைதோறும் அதற்குக் கூலியும் பெற்றவர். கோலாலம்பூர்க் கனவான்கள் ஆடுவதோ பதினைந்து பேர் ஆட்டம். பந்துக்காக ஒருமுறை காசு வாங்கியவன் ஆயுள் முழுவதும் தங்களோடு ஆடலாகாது என்பது அவர்கள் விதி. காசு வாங்காமல் ஆடுவதற்கு முதலில் வீட்டில் காசு இருக்கவேண்டும் என்பதை அவ்விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தே எழுதினார்கள் என்றும் கொள்ளலாம். துரை தாம் காசு வாங்கிய பழைய கதையை மறைத்து அவர்கள் கிளப்பில் சேர்ந்திருந்தார்.

கிரிகரி அந்த விதியை அறியார். சென்ற வாரம் துரை அனுப்பி மைதானத்தில் அவர் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, உன் துரை இவ்வளவு நன்றாக ஆட எங்கே கற்றான் என்று கிளப் செயலாளர் கேட்டார். துரை பட்டறையில் ஒருநாள் வாய்தவறிச் சொன்னதை நினைத்து, ஊரே காசு கொடுத்து ஆடவைத்த ஆட்டக்காரர் எங்கள் துரை என்று கிரிகரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சிலம்பத்தில் வென்றவனுக்குப் பணமுடிப்புக் கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்தவருக்கு அதனினும் பெரிய புகழுரை தோன்றவில்லை.

மறுநாளே கிளப்பிலிருந்து துரையின் பெயர் நீக்கப்பட்டது. இனி எந்தக் கிளப்பும் அவரைச் சேர்க்காது.

"ஆடுனதுக்குச் சம்பளம் வாங்குனா கேவலமா?" என்று அன்றிரவு சோறு போட்டபடி கேட்டாள் கிரிகரியின் மனைவி பிலோமினா. "அப்ப பட்டறையில தொரைமாருங்க எல்லாம் தர்மத்துக்கா வேல செய்றாங்க? நல்ல நாயம் போங்க."

கிரிகரி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

இப்போது மைதானத்து மழையில் அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன், தொரை. பெருமைக்குத்தான் சொன்னேன்."

துரைக்குப் பட்டறைத் தமிழ் தெரியும். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பெருமையா?" என்றார், அச்சொல்லை முதன்முறை கேட்பவர்போல. ஏசியிருந்தால் கிரிகரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பந்து சேற்றில் துள்ளிக் கயிற்றைத் தாண்டித் துரையின் காலடியில் வந்து நின்றது. அவருடைய வலக்குதிகால் தரையைவிட்டு எழும்பியது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. ஆட்டக்காரன் ஒருவன் ஓடிவந்து, இருவர் முகத்தையும் பாராமல் பந்தை எடுத்துச் சென்றான். அது கிடந்த குழியில் மழைநீர் தேங்கத் தொடங்கியது.