தீர்மான நோட்டு

மூன்று கடிதம், அதற்கு மேல் பதிவுத் தபாலில் ஒன்று, ஒரு நோட்டைத் திறந்து பார்க்க இவ்வளவா... கோகிலவாணி இரண்டாவது மாடியிலிருந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், லிஃப்டுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லை. ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை, செயலாளர் முன்னிலையில், சங்க அறையில் பார்வையிடலாம் என்று கடைசியில் பதில் வந்திருந்தது, ஜெயிலில் இருப்பவனைப் பார்க்க மனுப் போட்ட மாதிரி. ஃபேர்லேண்ட்ஸில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்ககம் இது, பதினோரு வருடமாகச் சொந்த வீடு, சங்கத்தின் நோட்டுகளை எந்த வீட்டுக்காரரும் பார்க்கலாம் என்று சங்க விதியிலேயே அச்சடித்திருக்கிறது, ஆனாலும் கேட்டால் முதலில் தலைவர் ஊரில் இல்லை, அப்புறம் நோட்டு ஆடிட்டரிடம் இருக்கிறது, அப்புறம், எதுக்குங்க்கா உங்களுக்கு அது. எதற்கா? காவல்காரர் காளியப்பனையும் படி கூட்டும் அவர் மனைவி சுப்பம்மாளையும் இந்த மாதக் கடைசியோடு நிறுத்திவிட்டு ஏஜென்சி ஆட்களை வைக்கப்போவதாக மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், படிக்கட்டுக்குக் கீழே அவர்கள் குடியிருக்கும் அறையையும் காலி செய்ய வேண்டுமாம், அனைவரும் கையொப்பமிட்ட தீர்மானத்தின்படி. அனைவரும் என்றால் நான் யார்? அந்த அறையில் கைவைக்க எல்லா வீட்டாரும் ஒப்ப வேண்டும், ஒரு வீடு குறைந்தாலும் தீர்மானம் செல்லாது, அதுவும் விதியில் இருக்கிறது. அந்த ஒரு வீடு என் வீடு. போன வாரம் கேட்டருகே நாலு பேர் காதுபடவே காளியப்பனிடம் சொல்லியும் விட்டாள், என் கையெழுத்து இல்லாம உங்கள அசைக்க முடியாதுங்கண்ணா என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு யாருடைய காருக்கோ கேட்டைத் திறக்கப் போய்விட்டார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று அன்று கொஞ்சம் உறுத்தியது, உண்மைதான், உறுத்தியது.

செயலாளர் பூபதி முன்னாடியே வந்து மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். திருச்செங்கோட்டுக்காரன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி இரண்டு வைத்திருக்கிறான், அவளைவிடப் பத்து வயது சின்னவன். "வாங்க்கா, உக்காருங்க. கலெக்டர் இன்ஸ்பெக்சனாட்ட இருக்குதுங்களே," என்றான். "கலெக்டரா இருந்தா மூணு மாசம் இழுத்தடிச்சிருப்பியா பூபதி?" "அய்யோ, கோவிச்சுக்காதீங்க்கா. நோட்டு எங்கீங்க ஓடிப் போயிருது." நோட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் செல்போனில் யாரையோ, எத்தனை அடிடா போயிருக்குது, இன்னும் புகைதான் வருதா, என்று கேட்க ஆரம்பித்தான். காக்கி அட்டை, நீள நோட்டு. தண்ணித் தொட்டி கழுவ ஒரு பக்கம், ஜெனரேட்டருக்கு ஒரு பக்கம், நாய் வளர்ப்போர் கவனத்துக்கு ஒரு பக்கம்... கணவர் தனசேகர் காலையிலேயே சொன்னார், உனக்கெதுக்கு ஊர் வம்பு, ஞாயித்துக்கிழமையாவது கால நீட்டி உக்காரு என்று. சரிதான். வாரத்தில் ஆறு நாள் லாரி புக்கிங் ஆபீசில் முதுகு விட்டுப்போகிறது, யாருக்காக இதெல்லாம், காளியப்பனுக்காகவா? பதினோரு வருடத்தில் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதில்லை. எருமப்பட்டிப் பக்கம் ஊர் என்பது தெரியும், அதுகூட யாரோ சொல்லித்தான். அவருக்காக இல்லை, இவன்கள் பொய்யை ஒருதடவையாவது பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள், இருந்தது. காவல் பணி மற்றும் காவலர் அறை குறித்து. கீழே வீட்டு எண் வாரியாகக் கையெழுத்துகள். 2சி. கோ. கோகிலவாணி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடிக்கோடாக விடும் அவளுடைய அதே கோடு, பக்கத்தில் மஞ்சளாக ஒரு விரல் தடம்.

யாராவது பார்த்துப் போட்டிருப்பார்களோ... இல்லை. வாலைப் பார்த்துப் போடலாம், மஞ்சளை எப்படிப் போடுவான்? ஒரு புதன்கிழமை சாயங்காலம், சமையலறைத் தொட்டியில் குழம்பு மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள், அழைப்பு மணி. ஒரு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் காளியப்பன், கக்கத்தில் நோட்டு, பேனாவை மூடி கழற்றி அவரேதான் நீட்டினார். "தீர்மான நோட்டுங்க அம்மிணி. படிச்சுப் பாத்துப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க." "நீங்க கொண்டாந்தா படிச்சு வேற பாக்கணுமாக்கும். எங்க போடறது, காட்டுங்கண்ணா, மீனு கெடக்குது." அவர் சற்று நின்றார், பிறகு விரலை வைத்துக் காட்டினார். அந்த விரலுக்குக் கீழேதான் போட்டாள். ஆபீசில் ஒரு லோடு சீட்டைக்கூட இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள். இருபத்து நான்கு கதவிலும் இப்படித்தான் நடந்திருக்கும், ஒரு வீட்டில் சீரியல், ஒரு வீட்டில் குழந்தை அழுகை, காட்டுங்க, இங்கீங்க, சரி.

"பூபதி, இத அவருகிட்டயேவா குடுத்து அனுப்புன?"

"வேற யாருங்க்கா எடுத்துட்டுப் போவாங்க? எப்பவும் அவருதானுங்களே."

"என்ன எழுதியிருக்குதுன்னு சொன்னியா?"

"நாஞ் சொல்லலீங்க. அவரும் கேக்கல." பூபதி செல்போனைக் கீழே வைத்தான். "நகல் வேணும்னு லெட்டர்ல போட்டிருந்தீங்களே, ஜெராக்ஸ் எடுத்துத் தரட்டுங்களா? இன்னும் நாப்பது நிமிசம் இருக்குது, மெதுவாப் பாருங்க்கா." கிண்டலா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை, கிண்டலாக இருந்திருந்தால் பரவாயில்லை. வேண்டாம் என்றாள். நோட்டை மூடினாள்.

வெளியே வெயில் அதற்குள் ஏறிவிட்டது. காளியப்பன் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார், வரி வரியாக, விளம்பரம் வரைக்கும் விடாமல், பதினோரு வருடமாகப் பார்க்கிற காட்சி. படிக்கத் தெரிந்தவர். அப்படியென்றால் அந்தப் புதன்கிழமை... முதல் மாடியிலேயே படித்திருப்பாரா, அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே? படித்துவிட்டா மீதிக் கதவையெல்லாம் தட்டினார்? அவளைக் கண்டதும் நாளிதழை மடித்து எழுந்தார். "பாத்தாச்சுங்களா அம்மிணி?" "பாத்தேங்கண்ணா." சொல்லியாக வேண்டும், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று, மூன்றே சொல்... "சரிங்க," என்றார் அவர், என்ன இருந்தது என்று கேட்கவில்லை. "அட்டைப்பொட்டி ரெண்டு இருந்தாக் குடுங்க. சாமானமெல்லாம் சுப்பம்மா போன வாரத்துக்கு முன்னாலயே கட்டிப்போட்டா, பாத்தரந்தான் பாக்கி." போன வாரத்துக்கு முன்னால். அப்படியானால் அவள் நாலு பேர் காதுபடச் சொன்னபோது உள்ளே மூட்டைகள் இருந்திருக்கின்றன. அவள் எழுதிய மூன்று கடிதத்தையும் பூபதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இவர்தான், ஒவ்வொரு தடவையும், குடுத்துட்டனுங்க, என்று மேலே வந்து சொல்லிவிட்டும் போனார். அப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? யாருக்காகச் சொல்லாமல் இருந்தார்... அவர் பதிலுக்குக் காத்து நின்றார், ஒரு கார் உள்ளே வர ஹாரன் அடித்தது.

"ரெண்டு போதுங்களா?" என்றுதான் அவள் வாய் கேட்டது.