சின்னையனின் கார்டு

கண்ணாயிரத்துக்கு ஒருவன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இருக்கிற சந்தேகம் போதாதென்று, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அரசாங்கமும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்தது. கோவளம் குப்பத்தில் மீனவர்களுக்கெல்லாம் போட்டோவும் விரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வந்தது. அடுத்தவன் கார்டோடு ஒருவன் கடலில் பிடிபட்டால் படகையே இழுத்துப்போய்விடுவார்கள் என்று பேச்சு. சொந்தப் படகை விட்டால் கண்ணாயிரத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சின்னையன் பழவேற்காட்டுக்காரன். கோவளத்தில் பெண் எடுத்து மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டவன். கண்ணாயிரத்தின் மச்சான் மணி காய்ச்சலில் படுத்ததால்தான் அவனுக்குப் படகில் இடம் கிடைத்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. அதுவே கண்ணாயிரத்தை உறுத்தியது. இவ்வளவு ஒழுங்கானவன் சொந்த ஊரை விட்டு ஏன் வந்தான்?

அன்று காலை கரையில் எல்லார் முன்னாலும் அவன் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இதுல கீறவன் குண்டா கீறான். நீ எலும்பா நிக்கிற."

"அம்மை போட்டு எளச்சுட்டேண்ணா."

"எவன் கார்டோ இது. இன்னிக்கி மட்டும் வா. நாளைக்கி வேற படகு பாத்துக்கோ."

சின்னையன் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டான். கார்டைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருவரும் வலை விட்டிருந்தபோது, கடலோரப் போலீஸ் படகு வந்து ஒட்டி நின்றது. அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் அங்கே கெடுபிடி அதிகம். எஸ்.ஐ. கையில் ஒரு கருவி இருந்தது. அதில் கார்டைச் செருகி விரலை வைக்க வேண்டும்.

"மொதல்ல அவன பாருங்க சார். வெளியூரு," என்றார் கண்ணாயிரம்.

சின்னையன் விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாயிரத்துக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அவர் விரலுக்குச் சிவப்பு எரிந்தது. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ரேகை எடுத்த அன்று கெளுத்தி மீனின் முள் குத்தி அவர் விரல் வீங்கிக் கிடந்தது. போட்டோவுக்கு இவர் உட்கார்ந்தார், விரலுக்கு மணி உட்கார்ந்தான். குப்பத்தில் இது ஒரு விஷயமா? ரேஷன் கடையில் வீட்டில் யார் போனாலும் கைநாட்டு வைத்து அரிசி வாங்கி வருகிறார்கள். ஒரே வீட்டு விரல்தானே என்று இருந்துவிட்டார்கள். ரேகை எடுத்தவனுக்கும் வரிசை நகர்ந்தால் போதுமென்று இருந்தது.

"அது என் மச்சான் வெரலு சார்."

"போட்டோவ எவன் வேணா மாத்தலாம். அவன் வெரலு உன் கார்டுல இன்னாத்துக்கு கீது? அவன் எங்க?"

"ஜொரத்துல வூட்ல படுத்துகினு கீறான் சார்."

சொல்லும்போதே அது அவருக்குப் பொய் மாதிரி கேட்டது. எஸ்.ஐ. சின்னையன் பக்கம் திரும்பினார்.

"உன் கார்டு சரியா கீது. நீ சொல்லு. இந்தாளு கண்ணாயிரம்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கண்ணாயிரம் அவனைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார்; அப்படி அவர் யாரையும் பார்த்ததில்லை.

சின்னையன் தன் கார்டை மறுபடி பாலித்தீன் பையில் சுற்றினான்.

"நான் வெளியூரு சார். கண்ணாயிரம்னு அவருதான் சொன்னாரு."

போலீஸ் படகிலிருந்து கயிறு வந்து விழுந்தது. சின்னையன் அதை எடுத்துப் படகின் முன்பக்கத்தில் இறுக்கிக் கட்டினான்.