நடு முட்டு

விடியும் முன்பே அம்சவள்ளி தண்ணீர்க் குடத்தோடு சாரத்தில் ஏறிவிடுவாள். சின்னசேலத்தில் எழும்பிக்கொண்டிருந்த கடைக் கட்டடத்தின் புதுத் தளத்தில் கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அவள் வேலை. தளம் போட்ட அன்று பிரியாணியும் கூட்டமுமாக அமர்க்களப்பட்டது. மறுநாளிலிருந்து அவள் ஒருத்திதான். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான்.

அவள் புருஷன் பழனி போன வருஷம் இதே காண்ட்ராக்டர் வீரமணி சொல்லி, இறுகாத தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கப் போய், தளம் சரிந்து அதன் அடியிலேயே செத்தான். கான்கிரீட்டுக்குக் காண்ட்ராக்டரின் அவசரம் தெரியாது, அது தன் நேரத்தில்தான் இறுகும். அன்றைக்கு எல்லாருக்கும் அது தெரியும். நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாரே என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

இன்று காலை வீரமணி ஆட்களோடு வந்து இறங்கினார்.

"முட்டெல்லாம் பிரிங்க. வேற சைட்டுக்கு வேணும்."

தளத்துக்கு முட்டாக வரிசையாக நின்ற சவுக்குக் கட்டைகளில் நடுக்கட்டை வில்லாக வளைந்திருந்தது. வந்த ஆட்களில் ஒருவனான பகலவன் சுத்தியலோடு அதனருகே போய் மேலே பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

அம்சவள்ளி குடத்தை இறக்கி வைத்தாள்.

"பாரம் இன்னும் கட்டையிலதாங்க நிக்குது. எப்டி வளைஞ்சிகினு இருக்குது பாருங்க."

"ஒன்னும் ஆவாது. நீ தண்ணிய ஊத்து."

"போன வருசமும் ஒன்னும் ஆவாதுன்னுதான் சொன்னீங்க."

வீரமணியின் முகம் கறுத்தது. "வெளிய போ. இனிமே எந்த சைட்லயும் ஒனக்கு வேல கெடையாது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாடியில் ஒற்றையாகக் கிடந்த நாட்களில்கூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. போய் நடுக்கட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னத் தாண்டித் தட்டு, பகலவா."

பழனியை இடிபாட்டிலிருந்து இழுத்தெடுத்தவன் பகலவன். சுத்தியலைத் தரையில் வைத்தான்.

"நான் தட்ட மாட்டேங்க."

"அப்ப நீயும் கெளம்பு."

"போறதா இல்லீங்க. கட்டை நிக்கிறவரைக்கும் இங்கதான் இருப்பேன்." அடுத்த கட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

வெள்ளிமலையிலிருந்து கூலிக்கு வந்திருந்த மற்ற ஆட்கள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு முட்டாகப் பார்த்துச் சாய்ந்தார்கள்.

"சேலத்துலேர்ந்து ஆள எறக்குறேன், பாத்துக்கினே இருங்க" என்று போனை எடுத்துக்கொண்டு வீரமணி வெளியே போனார். ஆட்கள் வரலாம், போலீசும் வரலாம். இன்றைய கூலி போனது போனதுதான்.

வெயில் ஏறியது.

"அக்கா, மேல தண்ணி வத்திடப் போவுது" என்றான் பகலவன். அவள் எழுந்ததும், அவள் இடத்தில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

குடத்தை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினாள். பின்னால் இன்னொரு குடத்தோடு யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது.