ஒரு பக்கம் சாயும் படிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சின்னப் பிழை. கதையைப் பிரதி எடுக்கும்போது நான்காம் பக்கத்தில் ‘பாடகி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அண்ணி’ என்று எழுதிவிட்டேன். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தும் கண்ணில் படவில்லை. சரிபார்ப்பதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குபவள் நான். அதனால் கொஞ்சம் உறுத்துகிறது.

பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. கதை எழுதப் பழகுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வருகிறோம். அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் வாசிப்பார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. என் கதை இன்று, நாங்கள் ‘மீசை’ என்று கூப்பிடுபவரிடம் போனது. மீசை இன்ஷூரன்ஸ் விற்பவர், எதையும் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பார்.

“பாடகி கதவைத் திறந்தாள். அண்ணி சிரித்தபடி...” என்று வாசித்தவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நிமிர்ந்தார். “யாரும்மா இது? சொல்லாம கொள்ளாம கதைக்குள்ள நுழைஞ்சுட்டாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. விதி இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

பக்கத்து வீட்டுப் பாடகியைப் பார்த்து வெந்துபோகும் ஒருத்தியின் கதை அது. ஆறு பக்கம். வாசித்து முடித்ததும் மீசை சொன்னார்: “இந்த அம்மாவுக்கு என்னதான் வேணும்? ஜன்னல்ல நிக்கிறாங்க, பெருமூச்சு விடறாங்க, மறுபடி ஜன்னலுக்கு வர்றாங்க. எனக்குக் கால் வலிக்குது.”

வாத்தியார் பகலில் ஒரு பத்திரிகையில் விளம்பரங்களுக்குப் பிழை திருத்துபவர். கொட்டாவியோடுதான் வருவார். “மனசுல என்ன இருக்குன்னு ஆறு பக்கம் சொல்லிட்டீங்க. அவ கை என்ன பண்ணுச்சுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. கொலை வேணாம். பொறாமைன்னாலே எல்லாரும் விஷத்தத் தூக்கிட்டு வந்துடறீங்க. சின்னதா ஏதாவது செய்யட்டும், போதும்” என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. என் கற்பனை அவ்வளவுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அந்த ‘அண்ணி’ எப்படி வந்தாள் என்பதையும் எழுதிவிட வேண்டும். அண்ணியும் நானும் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். அண்ணன் கப்பலில் இருக்கிறான். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அண்ணி. பொருத்தியதை லென்ஸ் மீட்டரில் வைத்து, சீட்டில் இருக்கும் பவரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் போடுவது நான். கடைக்கு வருகிறவர்கள் அண்ணியைத்தான் கேட்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். “அவ கை பட்டா எதுவும் சரியாயிடும்” என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. கண் பரிசோதனை கற்றுக்கொள்ள எங்களில் ஒருவரை முதலாளி தன் செலவில் அனுப்பப் போகிறார். யாரென்று மாதக் கடைசியில் சொல்வார். யாரென்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 5, புதன்

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும் நாள். நான் லீவு சொல்வதற்குக் கிளம்பினேன்.

“நீ எதுக்கு? அவ வரட்டும்” என்றாள் அம்மா. “உன்னக் கூட்டிட்டுப் போனா எனக்கு முன்னாடி நீ மயங்கி விழுவ. டாக்டர் யாரப் பாப்பாரு?”

உண்மைதான். எனக்கு ரத்தம் ஆகாது. ஆனாலும் அந்த நாற்காலியில் அம்மா யார் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்பதைக் காலை முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி மதியத்துக்கு மேல்தான் கடைக்கு வந்தாள். வேலை குவிந்துகிடந்தது. மூச்சு விடாமல் முடித்து, ஒவ்வொன்றாக என் மேசைக்குத் தள்ளினாள். அதில் ஒன்று வட்டச் சட்டம். வட்டத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. மற்ற வடிவங்களில் லென்ஸ் தன் மூலைகளில் உட்கார்ந்துவிடும். வட்டத்தில் திருகாணி கொஞ்சம் இளகினாலும் சுழன்றுவிடும். சாதாரணப் பவர் என்றால் பாதகமில்லை. கோணம் குறித்துக் கொடுத்த லென்ஸ் சுழன்றால் பார்ப்பதெல்லாம் சாய்ந்து தெரியும்.

மீட்டரில் வைத்தேன். இதுவும் கோணம் குறித்ததுதான்; வலது லென்ஸ் சீட்டில் இருந்த கோணத்தை விட்டு நன்றாகவே சுழன்றிருந்தது. திருகாணியைத் தளர்த்தி, திருப்பி, இறுக்கினால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் செய்துவிடலாம்.

“எல்லாம் சரியா, இன்ஸ்பெக்டர்?” என்று கல்லாவிலிருந்து முதலாளி கேட்டார். கடையில் எனக்கு அதுதான் பெயர்.

“சரிதான் சார்” என்றேன். பெட்டியை மூடினேன்.

போட்டவர் திருப்பிக் கொண்டுவருவார், முதலாளி பார்ப்பார், அண்ணியும் தப்புச் செய்வாள் என்று ஒரு முறையாவது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான் நினைத்தேன். இல்லை, இதையும் சரியாக எழுத வேண்டும். அப்போது எதையும் நினைக்கவில்லை. கைதான் மூடியது. நினைத்ததெல்லாம் பஸ்ஸில் வரும்போது.

வீட்டுக்கு வந்ததும் கதையின் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். பாடகியின் கச்சேரி நேரம் மாறிவிட்டது என்று ஒருவர் வீடு மாறி என் கதைக்காரியிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அவள் அதைப் பாடகியிடம் சொல்வதில்லை. துணி மடிக்கிறாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. இவ்வளவு நன்றாக நான் எழுதியதே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வட்டச் சட்டத்துக்காரர் வந்தார். லிஃப்ட் இல்லாத ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் படிகளைக் கழுவித் துடைக்கும் அம்மா. அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். நான்தான் இருந்தேன்.

“தப்பா நினைக்காதம்மா” என்று ஆரம்பித்தார். “படியெல்லாம் ஒரு பக்கமா சாயுற மாதிரி இருக்கு. நேத்து வாளிய எங்க வச்சேன்னு தேடி, கடைசில அதுக்குள்ளயே கால விட்டுட்டேன்.” அவரே சிரித்தார். “புதுக் கண்ணாடின்னா கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்குமாமே?”

கழற்றிக் கொடுங்கள் என்று கையை நீட்டியிருக்கலாம். முதலாளி பணம் எண்ணிக்கொண்டே, “பழகிடும்மா, நாலு நாள் விடாமப் போடுங்க” என்றார். எல்லோருக்கும் நாங்கள் சொல்வதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

அவர் முதலாளியை நம்பவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார்.

“ஆமாம்மா, பழகிடும்” என்றேன்.

என் திட்டப்படி பார்த்தால் இன்றுதான் அண்ணியின் தப்பு வெளியே வந்திருக்க வேண்டும். ஏன் விடவில்லை? யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம்தான் கிடைக்கிறது. கண்ணாடி மறுபடி மீட்டருக்கு வந்தால், “நீ பாக்கலையா?” என்று முதலாளி என்னையும் கேட்பார். பாடகியின் கதையில் அவளுக்கு இப்படி ஒரு பயத்தை நான் வைக்கவில்லை. அவள் நிம்மதியாகத் துணி மடிக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முழங்காலில் கட்டு, புடவைக்கு மேலாகவே தெரிந்தது. கண்ணாடி முகத்தில்தான் இருந்தது. நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார்.

“கடைசிப் படிதான். பெருசா ஒண்ணுமில்ல” என்றார். “கட்டடத்துக்காரரு வேற ஆள் பாக்கட்டுமான்னு கேக்கறாரு. இந்த வாரம் மட்டும் பாருங்க சார், பழகிடும்னு சொல்லி வச்சிருக்கேன். நீ சொன்ன மாதிரி கழட்டாமத்தான் போட்டிருக்கேன், கண்ணு. என் கண்ணுதான் பழகமாட்டேங்குது. உங்க மேல குத்தம் இல்ல.”

பஸ் வந்தது. ஏறும்போது முதலில் கையால் படியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகுதான் காலை வைத்தார்.

நான் வகுப்புக்குத்தான் போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

புதுப் பக்கத்தை இன்று ஒரு நர்ஸ் வாசித்தார். பிரசவ வார்டில் வேலை, வகுப்பில் அதிகம் பேசமாட்டார். முடித்ததும் மீசை மேசையைத் தட்டினார்.

“இதப் பாருங்க! இப்பதான் ஆளுக்கு உயிர் வந்திருக்கு. அந்தத் துணி மடிக்கிற இடம் இருக்கே, எனக்குக் குலை நடுங்கிடுச்சு. இந்தம்மாவுக்கு நான் பாலிசி தரமாட்டேன்.”

வாத்தியார்கூடக் கொட்டாவி விடாமல் தலையாட்டினார். இத்தனை மாதமாக எதற்கு ஏங்கினேனோ அது கிடைத்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

நர்ஸ் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்ணு புரியல. கச்சேரி கேக்க வந்தவங்க என்ன ஆனாங்க?”

“அவங்க எதுக்குக் கதைக்கு?” என்றார் மீசை.

“மண்டபத்துல உக்காந்திருப்பாங்கல்ல? பாடகி வரல. குழந்தையத் தூக்கிட்டு வந்திருப்பாங்க, வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருப்பாங்க. இவளுக்குப் பாடகி மேல வயித்தெரிச்சல், சரி. அவங்க இவள என்ன பண்ணாங்க? இவ அவங்களப் பாக்கவே இல்லையே. எழுதினவங்களும் பாக்கல.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். விதிப்படி நான் பேசக் கூடாது. தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

வீட்டில் அம்மா, அண்ணி தந்த பாலை ஆற்றிக் குடித்துக்கொண்டே என்னைத் திட்டினாள். செருப்பை ஒழுங்காக விடவில்லை, குடையை மறந்துவிட்டேன், இந்த வயதிலும் துப்பு இல்லை. வழக்கமானதுதான். அண்ணி பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய் மறுமுனையைப் பிடித்தேன். போர்வையை இரண்டு பேருமாக மடிக்க ஆரம்பித்தோம்.

“உனக்கென்ன, குடுத்து வச்சவ” என்றாள்.

“எனக்கா?”

“அத்தை என்னை ஒரு நாள்கூட இப்படித் திட்டினதில்ல. தட்ட உடைச்சாலும் ‘பரவால்லம்மா’தான். வந்த விருந்தாளிய யாராவது திட்டுவாங்களா? நானும் காத்துக்கிட்டேதான் இருக்கேன்.” சிரித்தாள். போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுச் சொன்னாள்: “அன்னிக்குப் பல் டாக்டர்கிட்டக்கூட, என் கையப் பிடிச்சுக்கிட்டு உன்னப் பத்தியேதான் பேச்சு. மாத்தி மாத்தி உன் புராணம். எனக்குக் கடுப்பாயிடுச்சு. அந்தக் கடுப்புல கடைக்கு வந்து என்னத்த மாட்டினேன்னே தெரியல. நல்லவேளை, நீ இருக்க. உன் கண்ணத் தாண்டி எது போகும்?”

போர்வை எங்கள் நடுவே இருந்தது. நான் என் முனையை விட்டுவிட்டேன்.

சொன்னேன். வட்டச் சட்டம், மீட்டர், பெட்டி, வெள்ளிக்கிழமை, பஸ் நிறுத்தம். வரிசை தவறாமல் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். அது மட்டும் வரிசையாக வரவில்லை.

அண்ணி தரையில் கிடந்த போர்வையை எடுத்து உதறினாள். தனியாகவே மடித்தாள்.

“முழங்காலா?” என்றாள்.

“ஆமா.”

“நடக்கறாங்களா?”

“நடக்கறாங்க.”

“என்னை மாட்டிவிடணும்னா என் தலையில எதையாவது போட்டிருக்கலாமே, குட்டி. அந்தம்மா உனக்கு என்ன பண்ணாங்க?”

குட்டி என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். குரல் எப்போதும் போல இல்லை. நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய் அவளுடைய சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து துணிக்கொடிக்குப் பக்கத்தில் சுவர் மேல் வைத்தாள்.

“இளக்கமா மாட்டினது நான். அத முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். மிச்சத்த நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கறப்பவே, முதல்ல நீ சொல்லு” என்றாள். “அத்தைக்கு இப்பத் தெரிய வேணாம். பல் புண்ணு ஆறட்டும்.”

சாப்பிடும்போது தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

முதலாளி என்ன சொல்வார் என்று தெரியவில்லை. சரிபார்க்கும் மேசையில் இனி என்னை உட்கார வைக்க அவருக்கு மனம் வராது. நானாக இருந்தாலும் வைக்கமாட்டேன். அண்ணி என்ன நினைக்கிறாள் என்பதும் தெரியவில்லை. கதையில் அந்தப் பக்கத்தை என்ன செய்வதென்று இப்போது யோசிக்க மாட்டேன்.

நாளை செய்ய வேண்டியது: காலையில் கடை திறக்கும் முன் அந்தக் கட்டடத்துக்குப் போவது. ஸ்குரூ டிரைவரும், கோணம் குறித்த சீட்டும், துடைக்கும் துணியும் எடுத்துக்கொள்வது. முதலில் அந்த அம்மாவிடம், உங்கள் கண்ணில் குறை இல்லை, கண்ணாடியில்தான், அது எனக்குத் தெரியும் என்று சொல்வது. வலது திருகாணியைத் தளர்த்தி, லென்ஸைத் திருப்பி, இறுக்குவது. போட்டுக்கொண்டு படியில் இறங்கிப் பார்க்கச் சொல்வது. அவர் இறங்கும்போது ஒரு படி கீழே நிற்பது. கட்டடத்துக்காரர் இருந்தால் அவரிடமும் சொல்வது. பிறகு கடைக்குப் போய், அண்ணி வந்ததும், முதலாளியிடம்.