புளித்த சாக்கு

வண்டி ஓடாது என்பதில் மச்சானுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்றபோது அத்தனை சத்தமாகச் சொன்னார்.

“அந்த ராஜ்தூத்த ஓட்டிக்கிட்டுத் தலைச்சோலைக்கு வாங்க மாப்ளே. அன்னைக்கே புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மழைக்காலம் முழுக்க என் மோட்டார் சைக்கிள் பல்பர் ஷெட்டில் கிடந்தது நாகலூரில் எல்லாருக்கும் தெரியும்.

“எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க மச்சான்.”

“கேக்கட்டுமுங்க. வண்டியவே பாத்துக்கத் தெரியல, புள்ளைய எப்பிடிப் பாப்பீங்க?”

சூசைமாணிக்கம் என் மனைவி ஞானசுந்தரியின் அண்ணன். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பருக்கு மேஸ்திரி. நான் அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவள் மஞ்சள் காமாலையில் இறந்ததும் எங்கள் மகள் மரியசெல்வியை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். தரமாட்டேன் என்கிறார். அவருக்குக் குழந்தை இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். வண்டிமேல் சாக்குகள் கிடந்தன. உரித்தபோது புளித்த வாடை மூக்கில் ஏறியது. பழம் அரைக்கும் இடத்துச் சாக்குகள். காப்பிப் பழத்தின் கொழகொழப்பு இரும்பைத் தின்றுவிடும். அதற்காகவே பல்பரைத் தினமும் கழுவச் சொல்லி ஆட்களைத் திட்டுகிறவர் மச்சான். ஞானசுந்தரியை அடக்கம் செய்த அன்று, மழையில் நனையக் கூடாதென்று வண்டியை மூடியவரும் அவர்தான். தங்கையைப் புதைத்துவிட்டு வந்தவன் சாக்கை முகர்ந்து பார்க்கமாட்டான். அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் இல்லை.

செயின் மூடி எப்போதோ உடைந்து போயிருந்தது. சாக்கு ஒட்டிக்கிடந்த இடத்தில் செயின் சிவந்த கட்டையாகியிருந்தது. மற்ற இடத்தில் வெறும் துரு.

கழற்றி ஏற்காட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் பெரியநாயகம் தூக்கிப் பார்த்தார்.

“இத வச்சு நாயக்கூடக் கட்ட முடியாதுங்க சார். சேலத்துல புதுசு சொல்லி வைக்கட்டுங்களா?”

“இதே அளவுல பழைய துண்டு இருக்குமா?”

“எதுக்குங்க வம்பு?”

“வம்புக்குத்தான்.”

அவர் சிரித்துவிட்டுத் தகர டப்பாவைக் காட்டினார்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிரஷால் தேய்த்தேன். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நீட்டினேன். பெரும்பாலானவை இளகின. கட்டையாகிப்போன துண்டு இளகவில்லை. அதை இரண்டு முனையிலும் கோத்திருந்த முளைகளின் தலைகளை அரத்தால் ராவி, ஆணியால் தட்டி வெளியேற்றினேன். பழைய துண்டைச் சேர்த்து இரண்டு முனையிலும் இணைப்பு லாக் மாட்டினேன். லாக்கின் வாய் செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் ஓட்டத்தில் கழன்றுவிடும். என்ஜின் ஆயிலைச் சூடாக்கி ஊற்றினேன். பின்சக்கரத்தை நகர்த்தித் தொய்வைச் சரிசெய்தேன். பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன. இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. காலையிலேயே தலைச்சோலைக்கு, மச்சான் வீட்டுக்குப் போனேன். மேட்டில் ஒட்டுப் போட்ட இடம் டிக் டிக் என்றது. வேகத்தைக் குறைக்கவில்லை.

மச்சான் வாசலுக்கு வந்தார். நான் என்ஜினை நிறுத்தவில்லை.

“ஒரு வெளையாட்டுக்குச் சொன்னதுங்க மாப்ளே.”

“நான் வெளையாட வர்லீங்க.”

குனிந்து செயினைப் பார்த்தார். “ஒட்டுப் போட்டது. எறக்கத்துல அத்துக்கும்.”

“அத்தா உருட்டிக்கிட்டுப் போறேன். புள்ள சீட்டுல உக்காந்து வரும்.”

“அது உங்ககிட்ட இருக்காதுங்க. நொம்ப அழுவும்.”

“அழுவட்டும். என் ஊட்டுல அழுவட்டும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி இன்பமேரி குழந்தையோடு வந்தாள். தோளில் துணிப்பை. நேராக வண்டிக்கு வந்து பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, குழந்தையை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

“சாமி, அப்பாவக் கெட்டியாப் புடிச்சுக்கோ.”

“நீ எங்கடி போற?” என்றார் மச்சான்.

“ஊர் முன்னால வார்த்த குடுத்தீங்கல்ல. புள்ள பழகற வரைக்கும் அங்க இருந்துட்டு வர்றனுங்க. சோறு நீங்களே ஆக்கிக்குங்க.”

“எறங்குடி.”

“வண்டிய எடுங்கண்ணா.”

மச்சான் முன்சக்கரத்துக்கு நேராக வந்து நின்றார். நான் கியரைப் போட்டேன். அவர் நகர்ந்தார்.