பதக்கத்தில் ஒரு பேர்

வெள்ளிக் கடையில் அரை மணி நேரமாகச் சிலுவையும் பதக்கமுமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று.

"ஞானஸ்நானம் யாருக்கும்மா? உங்களுக்கு என்ன உறவு?"

"உறவா? நான் ஆஸ்பத்திரி நர்ஸ்."

பிறந்ததுமே மூச்சுத் திணறிய குழந்தை. சாமியார் வரும்வரை தாங்காது. அவசரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினாலும் செல்லுமாம், மாதா கோயில் வாசலே மிதிக்காத நான்கூட. கதவோரம் நின்று அப்பாக்காரர் சொல்லச் சொல்ல, நானும் சொல்லி ஊற்றினேன். பேர் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுவிட்டார். பதற்றத்தில் என் வாயில் என் பேர்தான் வந்தது.

கெட்டிக்காரி, பிழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மீதிச் சடங்கு. பேரை மாற்றவே மாட்டோம் என்றுவிட்டார்கள்.

சின்னப் பதக்கம் ஒன்றை நீட்டினேன்.

"குழந்தை பேர் பொறிக்கணுமா?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"பில்லுக்கு உங்க பேரு?"

"அதையே எழுதுங்க."