ஏரிக்கரையில் ஒரே ஆள் மூன்று முறை

தடால்!

வேன் வளைவில் திரும்பியதும் கைத்தடி சரிந்து தகரத் தரையில் விழுந்தது. தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

“யாரோட ட்ரைபாடுங்க விழுந்துச்சு?” என்று பதறினார் முன்சீட்டில் இருந்த ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர்.

“ட்ரைபாடு இல்ல சார், என்னோட மூணாவது கால்” என்றார் அவள் கணவர்.

வேனே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. “எலும்பு ஒட்டிடுச்சும்மா, தைரியம்தான் இன்னும் ஒட்டல” என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் தடியும் பக்கத்தில் அவள் தோளும் இருந்தால்தான் வாசற்படி தாண்டுவார். சும்மா நடந்து பாருங்களேன் என்றால் எரிந்து விழுவார். தடியில்லாமல் நாலு எட்டு வைத்துவிட மாட்டாரா என்ற ஏக்கத்திலேயே அவளுக்குப் பொழுது விடிந்தது, பொழுது போனது. இந்த நிலக்காட்சிப் புகைப்படப் பயிற்சிக்குக் கூட, “என் பையை யாருங்க பாத்துக்கறது?” என்று சாக்குச் சொல்லித்தான் அவரை வேனில் ஏற்றியிருந்தாள்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்; அதனாலேயே கணவர் கேலியாக ‘டாக்டரம்மா’ என்பார். இயந்திரம் தாடையைச் சுற்றி வந்து அத்தனை பல்லையும் ஒரே நீளப் படமாகக் கொடுக்கும். அதனால், பயிற்சி தரும் மாஸ்டர், துண்டு துண்டாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டும் பனோரமா என்றதும் அவள் மிரளவில்லை. கேமராவை நெட்டுக்குத்தலாக மாட்டினாள். வெளிச்ச அளவு மாறாமல் பூட்டினாள். தொடக்கத்துக்கு அடையாளமாகத் தன் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேட்டின் மேலிருந்து ஏரியை இடமிருந்து வலமாக, ஒன்றின் ஓரம் அடுத்ததில் விழும்படி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். கணவர் கீழே இடதுகோடிப் பெஞ்சில், நீலச் சட்டையில், படத்துக்கு வெளியே இருந்தார்.

காற்று பாடாய்ப் படுத்தியது. தண்ணீர் அடங்கினால் ஒரு படம், சிலிர்த்தால் காத்திருப்பு.

“ஆடாம நில்லுங்க” என்று பழக்கதோஷத்தில் மலையைப் பார்த்துச் சொன்னாள்.

“அது எங்கயும் போகாதும்மா” என்றார் மாஸ்டர்.

முடித்துவிட்டு அவள் இறங்கி வந்தபோது கணவர் பெஞ்சில்தான் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

பிற்பகல், விடுதிக் கூடத்தில் மாஸ்டர் லேப்டாப்பில் அவள் படங்களை ஒட்டினார். ஏரி திரை முழுக்க விரிந்தது. யாரோ கை தட்டினார்கள். மாஸ்டர் மட்டும் உச்சுக் கொட்டினார்.

“கரையில யாரோ குறுக்க வந்துட்டாங்களே! ஒரே நீலச் சட்டை, மூணு இடத்துல. நீங்க திருப்பத் திருப்ப, ஆளும் கூடவே நடந்திருக்காரு.”

“டபுள் ஆக்ட் பாத்திருக்கேன், இது அதையும் மிஞ்சிடுச்சு” என்றார் மேனேஜர்.

“கவலைய விடுங்கம்மா, ஒரு நொடியில அழிச்சுடலாம்” என்றார் மாஸ்டர்.

அவள் திரைக்குள் விழுந்துவிடுவதுபோல் குனிந்தாள். இடதுபுறம் அந்த ஆள் அப்போதுதான் பெஞ்சைவிட்டு நகர்ந்திருந்தார். நடுவில், இரண்டு கையும் வீசி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். வலதுகோடியில், மடக்கு நாற்காலி ஒன்றைத் தோளில் தூக்கியிருந்தார். மூன்றிலும் தடி இல்லை.

“அட, என் சிவப்பு நாற்காலி! கரையில மறந்து வச்சுட்டு வந்தேன், மரத்தடியில யாரோ எடுத்து வச்சிருந்தாங்க” என்றார் மேனேஜர்.

“அழிக்காதீங்க மாஸ்டர்” என்றாள். “ஒண்ணக்கூட அழிச்சுடாதீங்க.”

ஒவ்வொரு படத்துக்கும் காக்க வைத்து அவருக்கு நடக்க நேரம் கொடுத்த காற்றைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. நாற்காலியை மறந்த மேனேஜரையும்தான்.

திரும்பினாள். கணவர் கடைசி வரிசையில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் நெளிந்தார்.

“என்னங்க இது? சொல்லவே இல்ல?”

“அந்தச் சிவப்பு உன் படத்தக் கெடுத்துடுமேன்னு ஓடினேன் டாக்டரம்மா... திரும்பி வர்றப்போதான் என் கால் ஞாபகமே வந்துச்சு.”